வயலுக்கு நடுவே ஒரு லேஸ் குடை

ஜப்பானின் இபராகி மாநிலத்தில் ஷிமோட்சுமா என்றொரு சிற்றூர். நெல்வயல்கள், மாடுகள், ஆள் நடமாட்டம் இல்லாத நீண்ட தார்ச்சாலை. அந்தச் சாலையில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தனியாக நடந்து வருகிறாள். அடுக்கடுக்காக ஃப்ரில் வைத்த கவுன், தாடைக்குக் கீழே ரிப்பனால் முடிந்த தொப்பி, கையில் லேஸ் வைத்த குடை. அந்த ஊர்க்காரர்கள் உள்ளாடை முதல் மேல்சட்டை வரை அத்தனையையும் ஒரே சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறவர்கள். இவளோ ஒரு கவுனுக்காக மணிக்கணக்கில் ரயிலில் உட்கார்ந்து டோக்கியோ போய்வருகிறவள். ஊர் அவளை விநோதமாகப் பார்க்கிறது. அவள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

டெட்சுயா நகாஷிமா இயக்கி 2004-ல் வெளியான ‘ஷிமோட்சுமா மோனோகதாரி’ படத்தின் நாயகி மோமோகோ அவள். நோவாலா தகெமோட்டோ 2002-ல் எழுதிய நாவல்தான் படமானது. வெளிநாடுகளில் ‘கமிகாஸே கேர்ள்ஸ்’ என்ற பெயரில் ஓடியது. மோமோகோவாக கியோகோ ஃபுகாடா. அவளுக்கு நேரெதிராக, மோட்டார் சைக்கிளில் சீறிப் பாயும் முரட்டுப் பெண்ணாக அன்னா ட்சுசியா. ஒருத்திக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸின் அரண்மனை வாழ்க்கைதான் லட்சியம். இன்னொருத்திக்குத் தன் வண்டியும் தன் கூட்டமும்தான் உலகம். இருவருக்கும் நட்பு மலர்வதுதான் கதை.

கதை கற்பனை என்றாலும் கடை நிஜம். மோமோகோ உயிராக நினைக்கும் ‘பேபி, த ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்’ என்ற நிறுவனம் 1988-ல் அகினோரி இசோபேயும் அவர் மனைவியும் சேர்ந்து தொடங்கியது. நாவலாசிரியர் கடையின் பெயரை மாற்றவில்லை. இசோபேயையே ஒரு பாத்திரமாகவும் ஆக்கிவிட்டார். டோக்கியோவின் ஹராஜுகு பகுதிக்கு வந்துபோகும் பெண்களுக்கு மட்டும் தெரிந்திருந்த ஓர் உடை, அந்தப் படத்தால் நாடு முழுக்கத் தெரிந்தது.

அந்த உடையின் பெயர் லோலிடா.

பெயரைக் கேட்டதும் வாசகருக்கு ஒரு நெருடல் வரும். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் உடையைப் பார்த்துவிடலாம். உடையைப் பார்க்காமல் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியவர்களே அதிகம்.

லோலிடா உடையின் உயிர் வெளியே தெரியாத உள்பாவாடையில் இருக்கிறது. நெட் துணியிலோ ஆர்கண்டியிலோ அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்துத் தைத்தது. இது சரியாக அமைந்தால் மேலே அணியும் பாவாடை ஒரு மணியைப் போலக் கவிழ்ந்தோ, கப் கேக்கைப் போலப் பொங்கியோ நிற்கும். அமையாவிட்டால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய கவுனும் தொய்ந்துவிடும். பாவாடை முழங்காலைத் தொடும் அளவுக்கு இருக்கும். அதற்குக் கீழே நீண்ட காலுறை. பாவாடைக்குள் முழங்கால்வரை வரும் லேஸ் வைத்த கால்சட்டை. மேலே கழுத்தை மூடும் வட்டக் காலர் பிளவுஸ். தலைக்குத் தொப்பியோ, பெரிய ரிப்பன் முடிச்சோ. காலுக்கு முன்பக்கம் உருண்ட, பட்டி வைத்த காலணி. முகமும் கைகளும் தவிர அநேகமாக எதுவும் வெளியே தெரியாது.

இதற்குள்ளேயே கிளைகள் உண்டு. இளஞ்சிவப்பும் வெளிர்நீலமுமாக, துணி நிறைய ஸ்ட்ராபெரியும் கேக்கும் ராட்டினக் குதிரையும் அச்சிட்டது ‘ஸ்வீட்’. காப்பி நிறமும் மங்கிய பச்சையும் சின்னப் பூக்களுமாக, பழைய ஓவியத்திலிருந்து இறங்கிவந்தது போல இருப்பது ‘கிளாசிக்’. கறுப்பு லேஸ், சிலுவை, வௌவால் என்று வந்தால் ‘காதிக்’. கிமோனோவின் அகலக் கைகளைக் கவுனோடு சேர்த்துத் தைக்கும் வகையும் இருக்கிறது. ஒவ்வொரு அச்சுத் துணிக்கும் தனிப்பெயர் உண்டு. ‘ஏஞ்செலிக் ப்ரெட்டி’ நிறுவனத்தின் ‘சுகரி கார்னிவல்’ என்றால், உலகின் எந்த மூலையிலிருக்கும் லோலிடா ரசிகைக்கும் எந்தக் கவுன் என்று உடனே புரியும்.

எந்த லேஸ் நல்ல லேஸ் என்பது இந்தப் பெண்களுக்கு விரல் நுனியில் தெரியும். முறுக்கு நூலில் பின்னிய பருத்தி லேஸுக்கும் மொடமொடவென்று கீறும் நைலான் லேஸுக்கும் உள்ள வித்தியாசத்தை மணிக்கணக்கில் பேசுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலங்காரப் பித்தாகத் தெரிவதற்கு உள்ளே ஒரு தையற்காரரின் கண் இருக்கிறது.

இந்தக் கண் எப்படி வந்தது?

1970-ல் ஹராஜுகுவில் ‘மில்க்’ என்ற துணிக்கடை திறந்தது. 1973-ல் ‘பிங்க் ஹவுஸ்’ வந்தது. பூப்போட்ட துணி, ஃப்ரில், நீளப் பாவாடை. 1972-ல் ரியோகோ இகேடா என்ற இருபத்து நான்கு வயதுப் பெண், பிரான்ஸ் அரசி மேரி அன்டோனெட்டின் அரண்மனையைக் களமாக வைத்து ‘வெர்சாயின் ரோஜா’ சித்திரக்கதையைத் தொடங்கினார். ஒரு தலைமுறைப் பள்ளிச் சிறுமிகள் அதற்குள் மூழ்கிப்போனார்கள். பெண்கள் மட்டுமே நடிக்கும் டகராஸுகா நாடகக் குழு 1974-ல் அதை மேடையேற்றியது. அதே 1974-ல்தான் சான்ரியோ நிறுவனம் ஹலோ கிட்டியை உருவாக்கியது. ‘கவாயீ’ என்ற ஜப்பானியச் சொல் (அழகு, செல்லம், குழந்தைத்தனம் மூன்றும் கலந்தது) அந்தப் பத்தாண்டில் பள்ளிச் சிறுமிகளின் வாயில் வேரூன்றியது.

அந்தச் சிறுமிகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது அவர்களுக்காகக் காத்திருந்தது வேறொரு ஜப்பான். ஆண், பெண் சம வேலைவாய்ப்புச் சட்டம் 1985-ல் நிறைவேறி, 1986-ல் அமலுக்கு வந்தது. ஆனால் அலுவலகத்தில் தேநீர் ஊற்றுவது பெண்தான். கல்யாணமானதும் வேலையை விடுவாள் என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்த கணக்கு. இருபத்தைந்து வயதைத் தாண்டியும் மணமாகாதவளுக்கு ‘கிறிஸ்துமஸ் கேக்’ என்று ஒரு பட்டப்பெயரே இருந்தது. ஜப்பானில் கிறிஸ்துமஸுக்கு கேக் வாங்குவது வழக்கம். இருபத்தைந்தாம் தேதி முடிந்தால் அதை வாங்க ஆளில்லை. இருபத்தைந்து முடிந்த பெண்ணும் அப்படித்தானாம். எத்தனை பெண்கள் இதைச் சிரித்தபடி கேட்டுக்கொண்டு, கழிவறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இந்த இடத்தில்தான் லோலிடா உடை வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லாமல் போகிறது. பெண்ணாக இருப்பதற்கு அந்தச் சமூகம் இரண்டு வாசல்களை மட்டும் திறந்து வைத்திருந்தது. ஒன்று, ஆணின் கண்ணுக்கு இதமாக இருப்பது. இன்னொன்று, நல்ல மனைவியாக, நல்ல தாயாக அடங்குவது. ஃப்ரிலும் லேஸும் ரிப்பனுமாக இந்தப் பெண்கள் பெண்மையின் அடையாளங்களை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு வாசலிலும் நுழைய முடியாத அளவுக்குப் போட்டுக்கொண்டார்கள். பொங்கி நிற்கும் பாவாடையோடு நெரிசல் ரயிலில் ஒருவன் உரசி நிற்க முடியாது. அடுப்படியில் நின்று சமைக்கவும் முடியாது. பெரும்பாலான ஆண்களுக்கு இந்த உடை பிடிப்பதில்லை என்பதை அணிகிறவர்களே சொல்கிறார்கள். மோமோகோவுக்கும் காதலன் கிடையாது. கதையில் அவளுக்கு அது ஒரு குறையாகவே தோன்றுவதில்லை.

இடமும் உதவியது. ஹராஜுகு ரயில் நிலையத்தை ஒட்டிய சாலையில் 1977 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்களை நிறுத்தி, நடப்பவர்களுக்கு விட்டுவிட்டார்கள். இளைஞர்கள் ஆடினார்கள், பாடினார்கள், அதைவிட முக்கியமாக ஒருவர் உடையை ஒருவர் பார்த்தார்கள். 1998-ல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தபோதும் மெய்ஜி கோயிலுக்குப் போகும் ஜிங்கு பாலத்தில் கூட்டம் தொடர்ந்தது. ஞாயிறு காலை பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியூரிலிருந்து வந்து, கழிவறையில் உடை மாற்றி, பாலத்தில் நின்றுவிட்டு, மாலையில் பழைய உடைக்கு மாறி வீடு திரும்பிய பெண்களும் உண்டு.

1990-களில் உடையையும் ஒப்பனையையும் இசையோடு சேர்த்துக் காட்சியாக்கிய இசைக் குழுக்கள் வந்தன. ‘மாலிஸ் மிசர்’ குழுவின் கிதார் கலைஞர் மானா ஓர் ஆண். மேடையில் கறுப்பு லேஸ் கவுனில் பொம்மையைப் போல நிற்பார். பேட்டிகளில் பேசவும் மாட்டார். பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்வார், அவர் நமக்குச் சொல்வார். 1999-ல் ‘மோவா-மெம்-மோவாதியே’ என்ற சொந்தத் துணி நிறுவனத்தைத் தொடங்கி, காதிக் லோலிடாவுக்கு ஒரு வடிவமும் பெயரும் கொடுத்தார். அவருடைய ரசிகைகள் அந்தக் கறுப்பு உடையில் கச்சேரிகளுக்கு வரிசைகட்டி வந்தார்கள்.

பிறகு பத்திரிகைகள். புகைப்படக்காரர் ஷோயிச்சி அவோகி 1997-ல் ‘ஃப்ரூட்ஸ்’ தொடங்கி, தெருவில் நிற்கும் பிள்ளைகளைத் தலை முதல் கால்வரை படமெடுத்து, எதை எங்கே வாங்கினார்கள் என்று குறிப்போடு போட்டார். 1998-ல் ‘கேரா’ வந்தது. 2001-ல் வந்தது ‘காதிக் அண்ட் லோலிடா பைபிள்’. இந்தக் கடைசி இதழைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அதில் விலையுயர்ந்த கவுன்களின் படங்கள் மட்டுமில்லை, தையலுக்கான வெட்டுமாதிரிகளும் இருந்தன. அன்று ஒரு நல்ல கவுன் முப்பதாயிரம் யென்னைத் தொட்டது. பிளவுஸ், உள்பாவாடை, காலணி, தொப்பி எல்லாம் அதற்கு மேல். பகுதிநேர வேலை பார்க்கும் பள்ளிப் பெண்ணுக்கு அது பல மாதச் சம்பளம். கையில் காசில்லாதவள் அந்தப் பக்கத்தைப் பிரித்து, துணியில் விரித்து, தானே வெட்டித் தைத்துக்கொண்டாள். மோமோகோவும் ஊசியும் நூலும் கைவந்த பெண்தான். அவளுடைய பூவேலையைப் பார்த்துத்தான் இசோபே அவளைத் தேடுகிறார்.

இனி அந்தப் பெயர். விளாடிமிர் நபகோவ் 1955-ல் வெளியிட்ட நாவலில், நடுவயது ஆண் ஒருவன் பன்னிரண்டு வயதுச் சிறுமியைச் சீரழிக்கிறான். அவன் அவளுக்கு வைத்த பெயர்தான் அது. அதே பெயர் ஒரு பெண்கள் உடைக்கு எப்படி ஒட்டியது என்பதற்குத் தெளிவான ஒற்றைப் பதில் கிடையாது. 1980-களின் இறுதியில் ஜப்பானிய ஃபேஷன் எழுத்தில் அது புழங்கத் தொடங்கிவிட்டது. சிறுமி, பொம்மை, பழைய ஐரோப்பா என்ற பொருளில் அந்தச் சொல்லைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். நாவலைப் படித்தவர்கள் குறைவு. அணிகிறவர்கள் முப்பது ஆண்டுகளாக ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்கள்: இது ஆணுக்காக அணியும் உடை இல்லை, இதில் உடலைக் காட்டும் நோக்கமும் இல்லை. உடையைப் பார்த்தால் அவர்கள் சொல்வது உண்மை என்று தெரிகிறது. ஆனாலும் அந்தப் பெயர் வேண்டாத கண்களையும் கேமராக்களையும் அவர்கள் பக்கம் இழுத்து வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. பாதிப்பு முழுக்க அந்தப் பெண்களுக்கு. வேறொரு பெயர் அமைந்திருந்தால் எத்தனை அவமானங்கள் மிச்சமாகியிருக்கும்!

இன்னொரு விமர்சனத்துக்கு இவ்வளவு எளிதில் பதில் சொல்ல முடியாது. வளர்ந்த பெண் குழந்தையைப் போல உடுத்தினால், பெண்ணைக் குழந்தையாகவே வைத்திருக்க நினைக்கும் சமூகத்துக்கு அது வசதிதானே என்று பெண்ணியவாதிகள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2009-ல் ஜப்பானின் வெளியுறவு அமைச்சகம் மூன்று இளம்பெண்களைக் ‘கவாயீ தூதர்கள்’ என்று நியமித்தது. ஒருவர் பள்ளிச் சீருடைக்கு, ஒருவர் ஹராஜுகு உடைக்கு, ஒருவர் லோலிடாவுக்கு. அரசாங்கத்தை அலட்சியம் செய்து பாலத்தில் நின்ற உடையை அரசாங்கமே விமானம் ஏற்றி அனுப்பியது. நாட்டின் முகமாக அது சிரிக்க வேண்டியிருந்தது. ஒரு மறுப்பு இப்படித்தான் மெல்ல மெல்ல விளம்பரமாகிறது.

லோலிடாவுக்கான தூதர் மிசாகோ அவோகி. ‘கேரா’ இதழின் மாடல். அதோடு மருத்துவமனையில் வேலை பார்த்த செவிலியரும்கூட. தூதரான பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. செவிலியர் பணியையும் பார்த்துக்கொண்டு, பூப்போட்ட கவுனில் கேமரா முன்னும் நின்றார். 2013-ல் ஜப்பான் லோலிடா சங்கம் தொடங்கியபோது அதன் தலைவரானார்.

அதற்குள் உடை கடல் தாண்டிவிட்டது. மோமோகோவின் ‘பேபி’ நிறுவனம் பாரிஸில் கடை திறந்தது. 2009-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஜப்பான் டவுனில் திறந்தது. 2012-ல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் லோலிடா உடைக்கும் பிரிட்டனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் கண்காட்சி ஒன்றை வைத்தது. தொடர்பு உண்மைதான். 1865-ல் வெளியான ‘அற்புத உலகில் ஆலிஸ்’ கதையில் வரும் படங்கள் இந்த உடையின் தாய்ப்படங்கள். லண்டனின் விவியன் வெஸ்ட்வுட் 1985-ல் பழைய காலத்து வளையப் பாவாடையைக் குட்டையாக்கி மேடையேற்றினார். அவருடைய மரக்கட்டை அடி வைத்த உயரக் காலணியை டோக்கியோப் பெண்கள்தான் கொண்டாடினார்கள். பிரிட்டனின் குழந்தைகள் அறை ஜப்பானில் உருமாறி, பிரிட்டனின் அருங்காட்சியகத்துக்கே காட்சிப் பொருளாக வந்து சேர்ந்தது.

வெளிநாட்டுப் பெண்களுக்கு வந்த முதல் சிக்கல் அளவு. ஜப்பானிய நிறுவனங்கள் பல கவுன்களை ஒரே அளவில்தான் தைத்தன. முதுகில் எலாஸ்டிக் வைத்த சுருக்கு கொஞ்சம் இடம் கொடுக்கும், அவ்வளவுதான். பருத்த உடல் கொண்டவர்கள் தாங்களே தைத்தார்கள். அளவு கேட்டுத் தைத்துக் கொடுக்கும் சிறு தையலகங்கள் முளைத்தன. ஊர் ஊராகத் தேநீர் விருந்துகள் நடந்தன. ஜூன், டிசம்பர் மாதங்களின் முதல் சனிக்கிழமை உலக லோலிடா நாள் ஆனது. பெரும்பாலும் பெண்கள் மட்டும் கூடி, ஒருவர் தையலை ஒருவர் மெச்சி, கேக் சாப்பிட்டுக் கலையும் விருந்துகள்.

சீனாவில் இது தனி வெள்ளம். டாவ்பாவ் இணையச் சந்தையில் உள்ளூர்த் தயாரிப்பாளர்கள் ஜப்பானிய விலையில் ஒரு சிறு பங்குக்கே கவுன் தருகிறார்கள். அங்கே லோலிடா, பழைய சீன மரபு உடையான ஹான்ஃபு, ஜப்பானியப் பாணிப் பள்ளிச் சீருடை மூன்றுக்கும் சேர்த்து இளைஞர்கள் வைத்த பெயர் ‘திவாலாக்கும் மூன்று சகோதரிகள்’. குறைந்த விலை என்று தொடங்கி, அலமாரி நிறைந்து, கடனில் முடிகிற கதைகளிலிருந்து வந்த பெயர் அது. இந்தப் பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் வெளியிடுவது, முன்பதிவு செய்தவருக்கு மட்டும் தருவது, புத்தாண்டில் உள்ளே என்ன என்று தெரியாத அதிர்ஷ்டப் பைகளை விற்பது என்று ஆசையைத் தூண்டும் வித்தைகள் இந்த வணிகத்தில் நிறைய. ஆணின் கண்ணிலிருந்து தப்பிய பெண் கடைக்காரரின் கணக்கில் சிக்குகிறாள்.

ஆனால் ஒன்று. இந்தக் கவுன்களை யாரும் குப்பையில் போடுவதில்லை. ஜப்பானில் ‘க்ளோசட் சைல்ட்’ போன்ற பழைய உடைக் கடைகள் இவற்றுக்கென்றே இருக்கின்றன. லேஸ் எங்கே நைந்திருக்கிறது, எந்தப் பொத்தான் மாற்றியது என்று குறிப்பு எழுதி விற்கிறார்கள். பதினைந்து ஆண்டுக்கு முந்தைய கவுன் புதிதாக இருந்ததைவிட அதிக விலைக்குப் போவதும் உண்டு.

இன்றைய இன்ஸ்டாகிராம் தலைமுறைக்குத் தெரிந்த பெயர் வேறு: ‘கோக்கெட்’. 2023-ன் இறுதியில் டிக்டாக்கில் அது அலையாகக் கிளம்பியது. தலைமுடியில் ரிப்பன், காலணியில் ரிப்பன், கைப்பையில் ரிப்பன். கடைசியில் ஐஸ் கட்டிக்குக்கூட ரிப்பன் கட்டிப் படம் போட்டார்கள். நியூயார்க்கின் சாண்டி லியாங், லண்டனின் சிமோன் ரோஷா போன்ற வடிவமைப்பாளர்களின் ரிப்பன் முடிச்சுகள் மலிவு விலை நகல்களாக எல்லா ஊர்க் கடைகளுக்கும் வந்துசேர்ந்தன. டிக்டாக் 2020-லேயே தடையான இந்தியாவுக்கும் ரீல்ஸ் வழியாக அது வந்தது.

இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு உறவுதான், ஆனால் நடைமுறையில் வெகு தூரம். கோக்கெட் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே ஆணை மயக்கிச் சீண்டுகிறவள் என்று பொருள். ஒரு ரிப்பன் வாங்கினால் இன்று மாலையே அதற்குள் நுழைந்துவிடலாம், அடுத்த மாதம் வெளியேறிவிடலாம். அதில் தப்பொன்றும் இல்லை. ஒரு ரிப்பன் ஒரு பெண்ணின் நாளை இனிமையாக்கினால் யாருக்கென்ன நஷ்டம்? ஆனால் லோலிடாவில் நுழைய மாதக்கணக்கில் காசு சேர்க்க வேண்டும், உள்பாவாடையின் சூட்சுமம் கற்க வேண்டும், அந்த உடையில் ரயிலேறிப் பத்துப் பேர் பார்வையைத் தாங்க வேண்டும். கோக்கெட்டை அறையின் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசி முன்னால் அணியலாம். லோலிடா தெருவில் பிறந்தது. தெருவில் நடந்தால்தான் அதற்கு அர்த்தம்.

அந்தத் தெருவும் இப்போது மாறிவிட்டது. 2017-ல் ‘ஃப்ரூட்ஸ்’ அச்சை நிறுத்தியது. படமெடுக்கும்படி உடுத்திய பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்பது அதன் புகைப்படக்காரர் ஷோயிச்சி அவோகி சொன்ன காரணம். அதே ஆண்டில் ‘கேரா’வும் ‘காதிக் அண்ட் லோலிடா பைபிளும்’ அச்சில் வருவது நின்றது. வெட்டுமாதிரியைப் பிரித்துத் துணியில் விரிக்க இப்போது பக்கமில்லை. கற்றுத்தருவது காணொளிகள்தான்.

உடுத்தியவர்களோ நிறுத்தவில்லை. 1983-ல் பிறந்த மிசாகோ அவோகி நாற்பதைத் தாண்டிவிட்டார். எந்த வயதுவரை இதை அணிவீர்கள் என்ற கேள்வி பல ஆண்டுகளாக அவரைத் துரத்துகிறது. இருபத்தைந்தோடு பெண்ணின் கணக்கை முடித்த அதே நாட்டில், ரோஜா அச்சிட்ட கவுனும் தொப்பியுமாக, பொங்கி நிற்கும் பாவாடையோடு அவர் இன்னும் தேநீர் விருந்துகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.